இடது பெருவிரல்

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். ஆராதனை முடிந்து கார் ஷோரூமுக்குப் போகும்போது தாமதம். மேனேஜர் குற்றாலிங்கம் சார் வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன வே, நோன்பு ஆரம்பிச்சாச்சா?"

"ஆமா சார்."

"இனி ஈஸ்டர் வரைக்கும் உங்க ஆளுக ஒருத்தனும் வண்டி எடுக்க மாட்டான். எங்க ஆளுக ஆடியில எடுக்க மாட்டான், மார்கழியில எடுக்க மாட்டான். நான் யாருக்கு வே விக்க?"

லெந்து நாட்களில் எங்கள் சபையார் கல்யாணம் வைப்பதில்லை, வீடு குடியேறுவதில்லை, புது வண்டி எடுப்பதில்லை. எங்கும் எழுதியில்லை. எல்லோருக்கும் தெரியும்.

இந்த வருடம் உயிர்த்த ஞாயிறும் மார்ச் முப்பத்தொன்றும் ஒரே நாள். கணக்கு முடிகிற நாள். அதற்குள் இன்னொரு வண்டியாவது என் பெயரில் போகவில்லை என்றால் ஏப்ரலில் நான் வர வேண்டியதில்லை என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

மனைவிக்குப் போன் போட்டேன். ஷீபா எடுக்கவில்லை. அவள் போய் இருக்கும் நாசரேத்தில் சிக்னல் சரியில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

இன்று ஒரு டெலிவரி. நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம், கற்பூரம், பூசணிக்காய். நான் ஓரமாக நின்று சாவியின் அட்டை மாதிரியைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தேன்.

கிறிஸ்தவர்கள் வண்டி எடுத்தால் எலுமிச்சம்பழம் கிடையாது. சபைப் போதகரை, எங்கள் வழக்கில் ஐயரை, கூப்பிடுவார்கள். அவர் வர முடியாவிட்டால் நான் ஜெபிப்பேன். இப்போதெல்லாம் ஐயரைக் கூப்பிடுவதே இல்லை. குற்றாலிங்கம் சார் வாடிக்கையாளர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவது இப்படி: "இவரு பூணூல் போடாத ஐயரு. எலுமிச்சம்பழத்துக்குப் பதிலா இவரைத்தான் டயருக்கு அடியில வைப்போம்."

பிரயாணங்களில் கூட இரும். ஓட்டுகிற கைகளை ஆசீர்வதியும். எந்தச் சேதமும் அணுகாதிருப்பதாக. உத்தரவாதக் காலத்தைச் சொல்லும் அதே குரலில் இதையும் சொல்கிறேன் என்பதைச் சென்ற மாதம் கவனித்தேன். கவனித்த பிறகும் குரல் மாறவில்லை.

காலையில் ஷோரூம் திறந்தவுடன், ஆட்கள் வருவதற்கு முன், காட்சிக்கு நிற்கும் வெள்ளை வண்டிக்குள் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஜெபிப்பேன். எம்.ஏ. தத்துவம் படித்த நாட்களில் இழந்த விசுவாசமெல்லாம் அந்த இருக்கையில் திரும்பக் கிடைத்தது. புது ரெக்ஸின் வாசனை. வெளியே ஊர் சத்தமில்லாமல் வாயசைக்கும். ஒரு நாளைத் தாண்ட அது போதுமாக இருந்தது. இன்றும் போதும் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

எப்சிபா டீச்சர் ஷோரூமுக்கு வந்தார். சிறு வயதில் ஞாயிறுதோறும் ஆலயத்தில் எனக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்தியவர். அவருடைய மகன் கிளாட்வின் டிசம்பரில் பைக்கில் போகும்போது விழுந்து தலையில் அடிபட்டான். இன்னும் நினைவு வரவில்லை. ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தொண்டையில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய்.

டீச்சர் நாற்காலியில் உட்காராமல் நேராக வெள்ளை வண்டியிடம் போனார். கதவைத் தொட்டுப் பார்த்தார்.

"இதானய்யா?"

"எது டீச்சர்?"

கைப்பையிலிருந்து கிளாட்வினின் போனை எடுத்துக் காட்டினார். ஓட்டுநர் இருக்கையில் அவன் சிரிக்கிற படம். நவம்பரில் நண்பர்களோடு சும்மா ஓட்டிப் பார்க்க வந்திருந்தான். படத்தை எடுத்தது நான்தான்.

"ஆமா டீச்சர். இதே மாடல்தான்."

"புக் பண்ணு. அவன் பேர்ல."

உபவாச ஜெபத்தில் ஒரு சகோதரி தீர்க்கதரிசனமாகச் சொன்னாராம். உன் மகன் உயிர்த்த பண்டிகைக்குத் தன் சொந்த வண்டியில் ஆலயத்துக்கு வருவான்.

"உங்க பேர்ல போட்டுக்கிடலாமே டீச்சர். பிறகு மாத்திக்கிடலாம்."

"என் பேர்ல போட்டா அது என் வண்டியில்லா? கர்த்தர் சொந்த வண்டின்னு சொல்லியிருக்காரு. நான் குறுக்க நிக்கவா?"

கையில் செக் புத்தகம். ஓய்வு பெறும்போது கிடைத்த பணம். நான் அவரிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். யோசித்துச் செய்யுங்கள் என்றாவது. ஆனால் விசுவாசத்தோடு வந்து நிற்பவரிடம் யோசியுங்கள் என்று சொல்வது எங்கள் மொழியில் என்ன அர்த்தமாகும் என்று எனக்குத் தெரியும்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து குற்றாலிங்கம் சார் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெபிப்போம் டீச்சர்," என்றேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

துணி துவைத்தேன். கேஸ் தீர்ந்துவிட்டது. மதியம் ஓட்டலில் தயிர் சாதம்.

ஷீபா இந்த வாரமும் வரவில்லை. பஸ்ஸில் கூட்டமாம்.

மார்ச் 5, செவ்வாய்

கிளாட்வினின் வண்டி ஷோரூமின் பின்பக்க யார்டுக்கு வந்துவிட்டது. வெள்ளை. பிளாஸ்டிக் உறைக்குள் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

பதிவுத் தாளில் உரிமையாளர் கையெழுத்து வேண்டும். குற்றாலிங்கம் சாரிடம் சொன்னேன்.

"கை வராதா அவனுக்கு?"

"ஒண்ணுமே வராது சார்."

"அப்ப கைரேகை வாங்கு. இடது பெருவிரல். எழுதப் படிக்கத் தெரியாத ஆளு வண்டி வாங்குறதில்லையா?"

"அவன் எஞ்சினியரிங் படிச்சவன் சார்."

"வே, நான் சட்டம் பேசல. அந்த அம்மா விருப்பப்பட்டுக் கேக்கு. நீ விருப்பப்பட்டு விக்க. நடுவுல நான் யாரு? மைப்பெட்டி ஸ்டோர்ல இருக்கு."

மார்ச் 8, வெள்ளி

நாளைக்கு என்று தள்ளினேன்.

மார்ச் 12, செவ்வாய்

போனேன்.

முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டில். டெட்டால் வாசனை, கூழ் வாசனை. கிளாட்வினின் கண்கள் பாதி திறந்திருந்தன. எதையும் பார்க்கவில்லை. கிதார் சுவரில் சாய்ந்திருந்தது. ஒரு நர்ஸ் பெண் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றி முடித்துவிட்டுப் பின்னால் போனாள்.

"ஏல கிளாட்வின், யாரு வந்திருக்கா பாரு. ஒன் வண்டிக்காரன்." டீச்சர் அவன் காதருகே சொன்னார். அவன் தூங்கிவிட்டதாக நினைத்து எழுப்பும் குரல்.

அவன் விரல்கள் உள்ளே மடங்கி இறுகியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். உள்ளங்கை ஈரமாக இருந்தது. பெருவிரலில் மை தடவினேன். டீச்சர் கீர்த்தனைப் புத்தகத்தின் மேல் தாளை வைத்து அடியில் தன் கையைக் கொடுத்துக் கட்டிலோரம் நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன.

அவன் விரலைத் தாளின் மேல் வைத்து என் விரலால் அழுத்தினேன்.

டீச்சர் கண்ணைத் திறந்தார்.

"அழுத்துனான்!"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அழுத்துனான்யா! புஸ்தகம் என் கையில அமுங்குச்சு. ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம். ஏலே, நீ அழுத்துனியால? அம்மாவுக்குத் தெரிஞ்சிட்டுல!"

அவன் நெற்றியில் முத்தமிட்டார், கையில், மை விரலில். உதட்டில் நீலம் ஒட்டியது. பஞ்சால் மையைத் துடைக்கப் போனேன். தடுத்துவிட்டார்.

"துடைக்காத. இருக்கட்டும்."

அழுத்தியது நான். இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 13, புதன்

டீச்சரிடம் ஏன் சொல்லவில்லை? மூன்று மாதமாக அந்தக் கண்களில் அப்படி ஒன்று இருந்ததில்லை. அதுதான் காரணம் என்று எழுத நினைக்கிறேன். தாள் என் பையில் இருந்தது என்பதும் உண்மை.

மார்ச் 15, வெள்ளி

சபை மண்டபத்தில் லெந்து கூட்டம். சாட்சி நேரம். டீச்சர் எழுந்தார். எல்லாவற்றையும் சொன்னார். விரல், தாள், புத்தகம், அமுங்கியது. பெண்கள் பக்கம் அழுகைச் சத்தம்.

"நான் தாய், என் மனசு அப்படி நினைச்சிருக்கும்னு சொல்லுவீங்க. வின்பிரட் அங்கதான் இருந்தான். அவன்தான் கையைப் பிடிச்சிருந்தான். எழும்பிச் சொல்லுய்யா."

எழுந்தேன்.

"நான் கையைப் பிடிச்சிருந்தேன். ரேகை தெளிவா விழுந்துது."

அல்லேலூயா என்றார்கள். உட்கார்ந்தேன்.

இரண்டு வாக்கியமும் உண்மை. இந்தத் தொழிலில் கற்றுக்கொண்டது இது. பொய் சொல்லவே தேவையில்லை. உண்மைகளைச் சரியான வரிசையில் வைத்துவிட்டு நிறுத்திவிட வேண்டும். மீதியை வாங்குபவர் செய்துகொள்வார்.

வெளியே செருப்பு மாட்டும்போது ஐயர் தோளில் கை வைத்தார்.

"நீ பாத்தியா?"

"பிடிச்சிருந்தேன் ஐயா."

தோளிலிருந்து கையை எடுத்தார். "சரி, இருக்கட்டும். அந்த அம்மாவுக்கு ஏதாவது ஒண்ணு வேணும்லா," என்றார். பிறகு பெரிய வெள்ளி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நான் பேச வேண்டியது நாலாம் வார்த்தை என்று நினைவுபடுத்தினார்.

மார்ச் 17, ஞாயிறு

ஷீபாவுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல் நடந்ததைச் சொன்னேன். முழுவதும்.

கடைசி வரை கேட்டாள்.

"நீங்க அழுத்துனீங்க."

"ஆமா."

"போய்ச் சொல்லுங்க. இன்னைக்கே."

"சொல்லுதேன்."

"சொல்ல மாட்டீங்க. நம்ம வீட்டுலயும் ஒரு அக்கா கண்ணை மூடிக்கிட்டு சொன்னாங்க. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, ஆம்பளப் பிள்ளை, சாமுவேல்னு பேரு வைன்னு. டாக்டர் வேற மாதிரி சொன்னாரு. நீங்க டாக்டரை விட்டுட்டு உத்தரத்துல தொட்டில் கொக்கி மாட்டுனீங்க. தொட்டில்ல போடப் பிள்ளை தங்கல."

"விசுவாசத்துல..."

"கொக்கி தொங்குதா இன்னும்?"

"ஃபேன் மாட்டலாம்னு இருக்கேன்."

வைத்துவிட்டாள்.

நாசரேத்தில் சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 20, புதன்

காலையில் ஷோரூமின் வெள்ளை வண்டிக்குள் உட்கார்ந்தேன். கண்ணாடி ஏற்றினேன். ரெக்ஸின் வாசனை மட்டும் வந்தது.

மார்ச் 22, வெள்ளி

டீச்சர் வீட்டுக்கு இப்போது ஆட்கள் வருகிறார்களாம். விரலைப் பார்ப்பதற்கு. தூத்துக்குடியிலிருந்து ஒரு வேன் வந்ததாம். ஒரு பெண் தன் மகனின் சட்டையைக் கொண்டுவந்து அந்த விரலில் தொட்டு வாங்கிப் போனாளாம்.

இதையெல்லாம் டீச்சர் போனில் சொன்னார். சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது எப்போது என்று நினைவில்லை.

"பெங்களூர்ல இருந்து ரூத் பேசுனா. அம்மா, ரொம்ப நம்பாதீங்கன்னு சொல்லுதா. அவன் அக்காவே இப்படிச் சொல்லலாமா? அவள்ட்ட ஒருக்க நீ பேசேன்."

"பேசுதேன் டீச்சர்."

நினைத்துப் பார்க்கிறேன். என் விரலுக்கும் அவன் விரலுக்கும் நடுவில் மை வழுக்கியது. நான் வைத்தேன். அது கீழே போனது.

மார்ச் 24, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. ஓலையில் சிலுவை செய்ய எனக்கு வராது. பக்கத்துப் பெஞ்சுச் சிறுமி எனக்கும் ஒன்று செய்து கொடுத்தாள். பவனி வீதியைச் சுற்றி வந்தது. டீச்சர் வீட்டு வாசலில் நின்று பாடினோம். உள்ளே கட்டிலை ஜன்னலருகே தள்ளி வைத்திருந்தார். கிளாட்வின் கையில் ஓலையைச் செருகியிருந்தார். மடங்கிய விரல்கள் அதைப் பிடித்திருப்பது போலத்தான் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் நானும் நம்புவேன்.

மார்ச் 26, செவ்வாய்

நம்பர் வாங்குவதற்குச் சில விவரங்கள் சரிபார்க்கப் போனேன். நர்ஸ் பெண் வாசலிலேயே நிறுத்தினாள்.

"அண்ணே, நேத்துலருந்து காய்ச்சல். சளி கட்டியிருக்கு. மூச்சு இழுக்கு. சொன்னாக் கேக்க மாட்டேங்காங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

தொட்டுப் பார்த்தேன். கொதித்தது.

"டீச்சர், காய்ச்சல் இருக்கு."

"தெரியும்யா. உடம்பு முழிக்கும்போது சூடு வரும்லா. வண்டியே ஸ்டார்ட் பண்ணுனா சூடாகத்தானே செய்யுது?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம் டீச்சர்."

"கொண்டு போனா திரும்ப மாசக்கணக்காப் போட்டுருவாங்க. ஞாயித்துக்கிழமை அவன் கோயிலுக்குப் போணும். நீயே இப்படிச் சொன்னா எப்படி? நீதானே கையைப் பிடிச்சிருந்த?"

இப்போது, என்று நினைத்தேன். வாய் திறந்தேன்.

"டீச்சர், அன்னைக்கு அந்த ரேகை..."

"ம், சொல்லுய்யா."

ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பிள்ளை மனப்பாட வசனத்தின் நடுவில் நின்றுவிட்டால் இப்படித்தான் பார்ப்பார். வந்துவிடும், வந்துவிடும் என்று தலையை ஆட்டிக்கொண்டு.

"அன்னைக்கு இவ்வளவு சூடு இல்ல டீச்சர்."

"அதான் சொல்லுதேனே!" என்றார். முகம் மலர்ந்தது.

பெட்ரோல் போட்டேன். வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 27, புதன்

பதிவு முடிந்தது. நம்பர் வந்துவிட்டது. உரிமையாளர் கிளாட்வின். குற்றாலிங்கம் சார் எழுந்து நின்று கை கொடுத்தார்.

மாலையில் மறுபடி போனேன். காய்ச்சல் குறையவில்லை. டீச்சர் மருந்து கொடுப்பதை நிறுத்தியிருக்கிறார். சந்தேகப்பட்டது போலாகிவிடுமாம்.

வாசலில் என் பைக்கை ஸ்டாண்டில் போட்டு, எடுத்து, போட்டு, நின்றேன். நர்ஸ் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள்.

மார்ச் 28, வியாழன்

பெரிய வியாழன். காலையில் நர்ஸ் பெண் போன் செய்தாள். உதடு நீலமாகிவிட்டது. மையின் நீலமில்லை. ஆம்புலன்சை அவளே கூப்பிட்டிருந்தாள். நான் போனபோது டீச்சர் ஸ்ட்ரெச்சரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள விட்டுருவாங்களாய்யா?"

"விட்டுருவாங்க டீச்சர்."

நுரையீரல் முழுக்கச் சளியும் தொற்றும் என்றார் டாக்டர். என்னை வீட்டு ஆள் என்று நினைத்துத் தனியே அழைத்துப் பேசினார்.

"ரெண்டு நாள் முன்னால வந்திருந்தா?" என்று கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்திருக்கலாம். இந்த நிலைமையில அப்பவும் உறுதியாச் சொல்ல முடியாது."

சொல்ல முடியாது. பிழைத்திருப்பான், இல்லை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம் அவர். ஒரு பக்கமாக.

மார்ச் 29, வெள்ளி

பெரிய வெள்ளி. மூன்று மணி நேர ஆராதனை. ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர். ஏன் என்னைக் கைவிட்டீர் என்கிற நாலாம் வார்த்தை எனக்கு. முன்பே எழுதி வைத்திருந்த தாளைப் படித்தேன். நம் கேள்விக்கு வானம் மௌனமாக இருக்கும்போது அந்த மௌனமே ஒரு பதில், என்று ஒரு வரி. பிப்ரவரியில் எழுதியது. எழுதியபோது அதற்கு அர்த்தம் இருந்தது.

இறங்கி வந்ததும் ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உள்ளத்துலருந்து பேசுனீங்க."

மார்ச் 30, சனி

காலையில் கிளாட்வின் இறந்துவிட்டான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது குற்றாலிங்கம் சார் போன்.

"என்ன வே, இன்னைக்கு டெலிவரி வச்சுக்கிடலாமா? நாளைக்கு ஞாயிறு, உங்க பண்டிகை."

"சார், பையன் இறந்துட்டான்."

மறுமுனையில் யாரோ ஹாரன் அடித்துப் பார்க்கிற ஒலி மட்டும் கேட்டது.

"எப்ப?"

"இப்பதான்."

"பதிவு புதன்கிழமையே முடிஞ்சிட்டுல்லா." கேள்வியாகவும் சொல்லவில்லை. பிறகு, "நல்ல பையன் வே. அன்னைக்கு வந்து பின்சீட்டைக் கூட மடக்கிப் பாத்தான். பாவம்." தொண்டையைச் செருமினார். "ஷோரூம்லருந்து ஒரு மாலை வாங்கிட்டுப் போ. பேரு போட வேண்டாம்."

டீச்சர் அழவில்லை. ரூத் வந்து கட்டிக்கொண்டு அழுதாள். டீச்சர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி என்னைப் பார்த்தார்.

"வண்டியை நாளைக்குக் கொண்டாந்துரு."

மார்ச் 31, ஞாயிறு

விடியற்கால ஆராதனை. மெழுகுவர்த்தி. உயிர்த்தெழுந்தார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கை கொடுத்தோம். யாருக்கெல்லாம் கை கொடுத்தேன் என்று தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் அடக்கம். யார்டிலிருந்து வண்டியை எடுத்தேன். பிளாஸ்டிக் உறைகளைக் கிழித்தேன். பெட்டி இந்த வண்டிக்குள் வராது. சபை வேனில் பெட்டி. அதற்கு முன்னால் புது வண்டி. நான் ஓட்டினேன். பக்கத்து இருக்கை காலி. பின்னால் டீச்சரும் ரூத்தும். கோயில் வரை முதல் கியரிலேயே போனேன். சீட் பெல்ட் போடச் சொல்லி வண்டி சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. யாரும் போடவில்லை.

பெட்டிக்குள் வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கையுறை. விரல் தெரியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பின்னால் ஒரு பெண் இன்னொருத்தியிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சொன்னபடி நடந்துட்டு பாத்தியா? சொந்த வண்டியில கோயிலுக்கு வந்துட்டான்."

மற்றவள் "ஸ்தோத்திரம்" என்றாள். கேலியில்லை. உண்மையான பயபக்தி.

ஒரு பிடி மண் போட்டேன்.

ஏப்ரல் 1, திங்கள்

ஷோரூமில் கேக் வெட்டினார்கள். எங்கள் கிளை இலக்கைத் தொட்டுவிட்டது. குற்றாலிங்கம் சார் ஒரு துண்டை என் வாயில் ஊட்டினார். லெந்து முடிந்துவிட்டதால் முட்டைக் கேக் சாப்பிடலாம்.

ஏப்ரல் 4, வியாழன்

வெள்ளை வண்டிக்குள் உட்காரவில்லை. வெளியிலிருந்து துடைத்தேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் டீச்சர் வாசலில் நின்றிருந்தார்.

"ஒரு காரியம் பாக்கி இருக்கேய்யா. டெலிவரி ஜெபம் பண்ணலியே நீ."

வீட்டுக்குப் போனோம். ரூத் ஊருக்குப் போய்விட்டாள். முன்னறையில் கட்டில் இல்லை. கட்டில் கிடந்த இடத்தில் தரை வேறு நிறம். வெளியே வண்டி உறைபோட்டு நின்றது. அதைப் பாதி விலக்கி முன்கதவில் கை வைத்துக்கொண்டார். நான் கண்ணை மூடினேன்.

வார்த்தைகள் வந்தன. அவை எப்போதும் வரும். பிரயாணங்களில் கூட இரும். ஓட்டுகிற கைகளை...

அங்கே நின்றுவிட்டது. டீச்சர் காத்திருந்தார். பிறகு அவரே "ஆமென்" என்றார்.

காப்பி கொடுத்தார். எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ரூத் போகும்போது ஒண்ணு சொல்லிட்டுப் போனா. நீங்க அவனை அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கணும்மா, நீங்கதான் விட்டுட்டீங்கன்னு."

நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"நான் சும்மாவா இருந்தேன்? அவன் அழுத்துனதாலதானே இருந்தேன். இல்லைன்னா நான் பெத்த பிள்ளையைக் காய்ச்சல்ல போட்டுட்டு உக்காந்திருப்பேனா? சொல்லு." என் கையைத் தன் கையால் பிடித்துக்கொண்டார். "அழுத்துனான்லா?"

இல்லை என்றால் ரூத் சொன்னதுதான் மிஞ்சும். அழுத்தியது நான் என்று அவருக்குத் தெரிந்தாலும் அவருடைய பங்கு அவரிடமேதான் இருக்கும். நான் எடுத்துக்கொள்ள முடியாது.

"அழுத்துனான் டீச்சர்."

"எவ்வளவு?"

"நல்லா. என் கையையே தள்ளுற மாதிரி."

அவர் கேட்டது எவ்வளவு என்றுதான். நல்லா என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சும்மா கொடுத்தேன். வண்டியோடு தரைவிரிப்பு கொடுப்பதுபோல.

டீச்சர் முதல் முறையாக அழுதார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல், வெகுநேரம். முடித்துவிட்டு முகம் கழுவி வந்தார்.

"அடுத்த ஞாயிறும் வாய்யா. வந்து இதை ஒருக்க சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்."

ஏப்ரல் 8, திங்கள்

ஷீபா அவளாகவே போன் செய்தாள்.

"கேள்விப்பட்டேன். அந்தப் பையன்."

"ம்."

"அந்த அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன்."

"நெசமா? என்ன சொன்னாங்க?"

"அழுதாங்க. ரொம்ப நேரம்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு வேறு ஒரு குரலில், கல்யாணமான புதிதில் இருந்த குரலில், "நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நினைச்சேன்," என்றாள். "என்ன சாப்பிடுதீங்க அங்க?"

"ஓட்டல்ல."

"சனிக்கிழமை வாரேன்."

ஏப்ரல் 10, புதன்

கேஸ் வாங்கினேன். அரிசி, பருப்பு, அவளுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடு.

உத்தரத்தின் கொக்கியைக் கழற்றப் பார்த்தேன். துருப்பிடித்து இறுகியிருக்கிறது. விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 13, சனி

ஷீபா வந்துவிட்டாள். வந்ததும் வீட்டைக் கூட்டினாள். சமையலறையில் இப்போது பாத்திரச் சத்தம். கருவாடு வறுபடும் வாசனை. இதற்காகத்தான் ஜெபித்தேன். பல மாதங்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டு, இதே சத்தத்துக்காக.

நாளை என்னோடு கோயிலுக்கு வருகிறாளாம். ஒரு வருடத்துக்குப் பிறகு. எதற்கு என்று கேட்டேன்.

"அந்த டீச்சரைப் பாக்கணும். அவங்க பக்கத்துல உக்காரணும். அந்த உண்மையைக் கேட்டுட்டு அவங்க எப்படி இருக்காங்கன்னு எனக்குத் தெரியணும்."

"கூட்டமா இருக்கும்."

"இருக்கட்டும்."

மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இடது பெருவிரலை மேசையில் வைத்து அதன் மேல் வலது கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். முதலில் மேல் கை மட்டும். பிறகு கீழ் விரலும் சேர்ந்து. பிறகு கீழ் விரல் மட்டும், மேல் கை சும்மா. கொஞ்ச நேரத்தில் எது அழுத்துகிறது என்று தெரியாமல் போய்விட்டது. இரண்டும் என்னுடையவை, எனக்கே தெரியவில்லை.

அன்று என் விரல் அவன் விரலின் மேல் இருந்தது. அதற்குக் கீழே என்ன நடந்தது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

"என்ன எழுதுறீங்க?" ஷீபா கேட்கிறாள். "சாப்பிட வாங்க. ஆறிரும்."

நாளை ஷீபாவும் டீச்சரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். இரண்டு பேரும் என் பக்கம் திரும்புவார்கள். அதற்குள் எனக்குத் தெரிந்துவிட வேண்டும்.

அழுத்தினான். என் கை வெறுமனே மேலே இருந்தது. அழுத்தினான்.